படம் தெளிவில்லை

போனில் படம் மங்கினால் எல்லாரும் லைனைத்தான் திட்டுகிறார்கள், இன்ஸ்பெக்டர். பிட்ரேட்டைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஒரு விநாடிக்கு எவ்வளவு தகவல் போகிறது என்ற கணக்கு, அவ்வளவுதான். அதைக் குறைத்தால் படம் நின்றுவிடாது. நுணுக்கம்தான் போகும். அருகருகே இருக்கும் ஒத்த நிறங்கள் கலந்து ஒரே கட்டமாகிவிடும். செனாய் வட்டாரத் தொழிற்சாலைகளுக்குக் கேமரா பொருத்துகிறவன் நான். எனக்கு இது தினப்படி வேலை.

ரெங்கம் ஊரில் தனியாக இருந்த என் மாமியார் வெள்ளையம்மாவின் வீட்டுக் கூடத்திலும் நான்தான் ஒன்று மாட்டினேன். பக்கவாதம் வந்து அவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. தடியூன்றி மெல்ல நடப்பார்; சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பார். என் மனைவி பிரவீனா அவ்வப்போது போனில் பார்த்தால் நிம்மதியாக இருப்பாள் என்று நினைத்தேன்.

அவள் பார்ப்பதை நிறுத்தவே இல்லை. சாப்பிடும்போது தண்ணீர் ஜக்கில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தாள். நான் பேசும்போதும் பார்த்தாள். "அம்மா மூச்சு விடுற மாதிரியே தெரியலங்க, போய்ப் பாத்துட்டு வந்துரலாம் லா" என்பாள். வேலைக் களைப்போடு காரை எடுப்பேன். அங்கே அவர் நாற்காலியில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருப்பார். திரும்பும் வழியெல்லாம் மறுபடியும் போன். என் முகத்தை அவள் நிமிர்ந்து பார்த்தே வெகுகாலமாகியிருந்தது.

அதனால் அவள் போனுக்குப் போகும் படத்தை நாலு மெகாபிட்டிலிருந்து நூறு கிலோபிட்டுக்கு இறக்கினேன். தெளிவாகத் தெரிவதால்தானே பதறுகிறாள்? "ரெங்கத்துல லைன் அப்படித்தான்" என்றேன். நம்பினாள். பார்ப்பது உண்மையிலேயே குறைந்தது. ஒருநாள் இருவரும் வெளியே போய் ரொட்டி சானாய்கூடச் சாப்பிட்டோம்.

அந்தச் சனிக்கிழமை காலை போனை என்னிடம் நீட்டினாள். "அம்மாவ நாற்காலியில காணோம். தரையில ஏதோ கெடக்கு பாருங்க. போர்வையா?"

செங்காவித் தரைமேல் பழுப்பாக ஒரு திட்டு. யாராலும் அதற்குமேல் சொல்ல முடியாது.

ஒரே கேமராவிலிருந்து இரண்டு தரத்தில் படம் அனுப்பலாம். மட்டமானது அவளுக்கு, நல்லது என் போனுக்கு. வாசலுக்குப் போய் அந்த நல்ல படத்தை என் போனில் திறந்தேன். மாமியார் பழுப்புக் கைலியோடு ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு கை கேமராவை நோக்கி எழுவதும் விழுவதுமாக இருந்தது.

உள்ளே வந்து, "போர்வைதான். அவங்க பாத்ரூம்ல இருப்பாங்க. நீ வேலைக்குக் கிளம்பு" என்றேன்.

கிளம்பினாள். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்தபோது உடல் சில்லிட்டிருந்தது.

இடையில் நான் திரும்பவும் பார்த்தேனா என்று கேட்கிறீர்கள். பார்த்தேன். மதியம்வரை கை அசைந்தது. அவரைத் தனியாக விட்டுவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர். கடைசிவரை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.