பெரும்பாலும் டாக்டர்

இந்த அஞ்சலிக் கூட்டத்தின் மேடையில் வீற்றிருக்கும் சுகாதாரத் துறைத் துணை இயக்குநர் அவர்களே, எங்கள் மருத்துவரின் துணைவியார் அவர்களே, தன் சிறுநீரகம் ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்து இத்தனை காலம் அவரை நமக்காக வாழவைத்த அக்கா அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் எங்கள் பகுதி மக்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம். சுகாதார நிலையத்தில் அவருடைய மேசைக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஊசி போட்டவள் நான். நீங்கள் 'சிஸ்டர்' என்று கூப்பிடும் அதே ஆள்தான்.

எனக்குப் பின்னால் ஒரு பேனர் கட்டியிருக்கிறார்கள். 'எல்லோராலும் நேசிக்கப்பட்டவர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அவர் மட்டும் இப்போது உள்ளே வந்தால் என்ன செய்வார் தெரியுமா? சட்டைப் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து, 'எல்லோராலும்' என்பதற்கு முன்னால் 'பெரும்பாலும்' என்று எழுதுவார். சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். அந்த ஒரு சொல்லுக்காக அவர் பட்ட பாடு பக்கத்தில் இருந்த எனக்குத்தான் தெரியும்.

தொற்று பரவி, அதற்குத் தடுப்பூசி வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்வி. "புதுசா உருமாறி வருதாமே டாக்டர், அதுக்கு இது கேக்குமா?" அவர் சொன்னதும் ஒரே பதில். "பெரும்பாலும்." ஒரு நாளாவது 'கேக்கும், கவலைப்படாம போங்க' என்று சொல்லி அனுப்பினாரா? மாட்டார்! உட்காரவைத்து விளக்குவார். வரிசை நகராது. மருந்துக் குப்பியைத் திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வீண். நான் இங்கே பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன், அவர் அங்கே பேசிக்கொண்டிருப்பார். 'பெரும்பாலும் டாக்டர்' என்று நீங்கள் பட்டப்பெயரே வைத்தீர்கள். அவர் அதற்கும் சிரித்தார்.

கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணன் அதோ தூணோரம் நிற்கிறார். ஒரு நாள் அவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

"செல்போனுக்கே ஒரு வருஷம் கேரண்டி தர்றான். உங்க ஊசிக்கு என்ன கேரண்டி?"

"நீங்க தைக்கிற சட்டைக்குத் தருவீங்களாண்ணே?" என்றார் டாக்டர்.

"கண்ணை மூடிட்டுத் தருவேன்."

"போட்டுக்கறவர் திடீர்னு குண்டாயிட்டா?"

"அதுக்கு நான் என்ன பண்றது? அளவெடுத்தப்ப ஒல்லியா இருந்தான். பட்டன் போட வராது, ஆனா உடம்பை மூடும். கொண்டுவந்தா தையலைப் பிரிச்சு விட்டுத் தரேன்."

"அதையேதான் நானும் சொல்றேன். கிருமி ஆளை மாத்திட்டே இருக்கு. நம்ம ஊசி பழைய அளவுக்குத் தைச்சது. பட்டன் நிக்காம போகலாம், அதாவது தொத்திக்கலாம். ஆனா ஆஸ்பத்திரியில படுக்கப்போடற அளவுக்குப் பெரும்பாலும் விடாது. பூஸ்டர்னு சொல்றோமே, அது தையலைப் பிரிச்சு விடறது."

அண்ணன் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டினார்.

இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு விளக்கம்! பால்காரருக்கு ஒன்று, பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஒன்று. வாத்தியாருக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

துணை இயக்குநர் அவர்களே, நீங்கள் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாதபோது சொன்னால் அது புறம்பேசுவது. உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு போஸ்டர் வந்தது. 'ஊசி போட்டாச்சு! தொற்று ஓடிப்போச்சு!' இயைபு அருமையாகத்தான் இருந்தது. டாக்டர் ஸ்டூலைப் போட்டு ஏறி, இரண்டு வரிக்கும் நடுவே 'பெரும்பாலும்' என்று எழுதினார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். மறுநாளே உங்கள் போன் வந்தது. எங்கள் நிலையத்து போன் காதில் வைக்காமலே கேட்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

"யாரைக் கேட்டு போஸ்டர்ல கிறுக்கினீங்க? இப்படி எழுதினா எவன் வருவான்?"

"எழுதாம விட்டா இந்தத் தடவை வருவாங்க சார். அடுத்த தடவை வர மாட்டாங்க."

அடுத்த தடவை வந்ததா இல்லையா? உருமாறிய கிருமி வந்தது. ஊசி போட்டவர்களுக்கும் காய்ச்சல் வந்தது. மற்ற இடங்களில் போஸ்டரைக் கிழித்தார்கள், செவிலியர்களைத் திட்டினார்கள். 'தடுப்பூசின்னு பேரு, எதைத் தடுத்துச்சு?' என்று கேட்டார்கள். கேட்க மாட்டார்களா? பொய் சொன்னவர்கள் அலுவலகத்தில் இருந்தார்கள், திட்டு வாங்கியவர்கள் வாசலில் நின்றார்கள்! எங்கள் வாசலிலும் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் முணுமுணுத்துக்கொண்டே பூஸ்டருக்கு வரிசையில் நின்றார்கள். 'இந்த மனுஷன் அப்பவே சொன்னார்' என்று நின்றார்கள்.

இப்போது நான் இங்கே ஏறும் முன் நடந்ததற்கு வருகிறேன். படியருகே துணை இயக்குநர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "நாளைக்கு பூஸ்டர் முகாம் இருக்கு சிஸ்டர். 'உடல்நலக் குறைவால் காலமானார்'னு சொல்லிட்டு விட்டுடுங்க. ஜனங்க பயந்துடுவாங்க."

ஜனங்களுக்குத் தெரியாதா? வண்டி நிறுத்தும் இடத்திலேயே என் காதில் விழுந்தது. "எல்லா ஊசியும் போட்ட டாக்டரே போயிட்டார். நமக்கு எதுக்கு?" எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே கத்தியிருப்பேன். எத்தனை வருடம் பேசினார் அந்த மனிதர்! கடைசியில் அவருடைய சாவையே அவருக்கு எதிராகத் திருப்பிவிட்டார்களே!

அவருடைய துணைவியாரிடம் போய்க் கேட்டேன். "மறைச்சா அவர் எந்திரிச்சு வந்து உங்க பேச்சு மேலேயே எழுதிட்டுப் போவார். சொல்லிடுங்க" என்றார்கள். சொல்கிறேன்.

நம் டாக்டர் அந்தத் தொற்றில்தான் இறந்தார். அத்தனை ஊசியும் போட்டிருந்தும் இறந்தார். அக்கா கொடுத்த சிறுநீரகத்தை அவர் உடம்பு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தினமும் மாத்திரை சாப்பிட்டார். அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்பை அடக்கிவைக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம். அவருக்கு இது தெரியாதா? தெரியும்! "எனக்கு அரைகுறையாத்தான் பிடிக்கும் சிஸ்டர். என்னைச் சுத்தி இருக்கறவங்களுக்குப் பிடிச்சா எனக்கும் கொஞ்சம் ஆபத்து குறையும்" என்பார். உள்ளறையில் உட்காருங்கள் என்று கெஞ்சினேன். "உள்ளே உட்கார்ந்துட்டா கேக்கறவங்களுக்கு யார் பதில் சொல்றது?" என்றார். அவர் மேலும் எனக்குக் கோபம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

'ஊசி வேணாம், சும்மா கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்' என்று முகக்கவசத்தை இறக்கிவிட்டு அவர் முகத்துக்கு நேரே இருமியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களால்தான் வந்தது என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் ஊசி போட்ட ஒருவரிடமிருந்தும் வந்திருக்கலாம். அவர் இருந்தால் இதையும் சொல்லச் சொல்வார், பாவி மனுஷன்!

வார்டிலிருந்து கடைசியாக வீட்டுக்குப் போன் செய்தபோது, "வந்துடுவீங்கல்ல?" என்று துணைவியார் கேட்டிருக்கிறார்கள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பெரும்பாலும்." அவர்கள் சிரித்துவிட்டார்களாம். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்காவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம்ல சிஸ்டர்?" என்று அழுதார்கள்.

அன்பு மக்களே! நாளை காலை அதே மேசைகள் போட்டிருக்கும். அவர் மேசையில் பதில் சொல்ல யாரையும் அனுப்பவில்லை, அதனால் ஊசியும் நானே, பதிலும் நானே. வரிசை நகராது, திட்டாதீர்கள். 'டாக்டரையே காப்பாத்தலையே' என்று கேளுங்கள், இப்போது சொன்னதை மறுபடி சொல்வேன். 'எங்களைக் காப்பாத்துமா?' என்று கேளுங்கள். அவர் சொன்ன அந்த ஒரு சொல்லைத்தான் சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அவர் வேலையை நான் தொடர்வது இப்படித்தான்.

முடித்துக்கொள்ளும் முன் ஒரு சின்ன வேலை. அவருடைய மார்க்கர் பேனா என் பையில் இருக்கிறது. துணை இயக்குநர் அவர்களே, நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்கிறீர்களா? பேனர் உங்கள் தலைக்குப் பின்னால் இருக்கிறது.