மேல் தட்டு உனக்கு

— அந்தச் சுத்தியலக் கொடு... அது இல்ல, பெருசு. பாத்து, கால்ல போட்டுக்காத.

— ஏனுங்க, ஒடம்பு சரியில்லைன்னு பேக்டரிக்கு லீவு சொன்னீங்களே. ஒடம்பு சரியில்லாதவரு அடிக்கற அடி கீழ் லைன் ஊடுக வரைக்கும் கேக்குது.

— கேட்டாக் கேக்கட்டும். சொந்தப் பொண்டாட்டிக்குச் செவுத்து அலமாரியில தட்டு அடிக்கறது என்ன திருட்டா?

— நான் தையில வந்தேன். அன்னிக்கிருந்து இந்த அலமாரி வெறும் பொந்தாட்டத்தான் கெடக்குது. ஆனி முடியப் போறப்பத்தான் உங்களுக்குத் தட்டு ஞாபகம் வந்துச்சாக்கும்?

— எல்லாத்துக்கும் ஒரு நேரம் இருக்குது, சாந்தா.

— நாளைக்குக் காத்தால எங்கப்பா வர்றாரு, என்னை ஆடி நோம்பிக்கு அழைச்சுட்டுப் போக. அதுதானுங்களா அந்த நேரம்?

— ...ஆணி கொடு.

— எத்தனை?

— கை நெறையக் கொடு.

— இதேதுங்க பலகை? டீத்தூள் வாசம் அடிக்குது.

— டீப்பொட்டிதான். எஸ்டேட்டுல தூள் அடைச்சு அனுப்பற பொட்டி. குன்னூர் பஜார்ல ஜலாலுதீன் பாய் கடையில வாங்கித் தோள்ல வெச்சுத் தூக்கியாந்தேன். உள்பக்கம் பாரு, ஈயத்தாளு ஒட்டியிருக்குது. அதை உரிக்காம அப்படியே அடிச்சுட்டா செவுத்து ஓதம் ஏறாது. சேலைக்குப் பூசணம் புடிக்காது.

— சேலைக்கா? உங்களுக்கு எத்தனை சேலைங்க?

— நக்கலாக்கும்... மேல் தட்டு உனக்கு. நடுத் தட்டும் உனக்கு. அடியில ஒரு மொழம் இருந்தா எனக்குப் போதும். ரெண்டு பேண்டு, நாலு சட்டை.

— எனக்குத்தான் தகரப் பொட்டி இருக்குதுங்களே.

— வந்ததுல இருந்து இதையேதான் சொல்ற! காத்தால பொட்டியத் தொறந்து ஒரு சேலை எடுக்கற. தொவைச்சுக் காய வெச்சு, மடிச்சு, மறுபடியும் அதுலயே வெச்சுப் பூட்டற. பஸ்ஸுக்கு நிக்கறவளாட்ட.

— பொட்டின்னதும் ஞாபகம் வருது. பொட்டிச் சாவியப் பாத்தீங்களா? காத்தாலருந்து காணோம். நேத்துக் கட்டுன சேலையோடவே நிக்கறேன்.

— நானா? நானெதுக்குப் பாக்கறேன்?

— ராத்திரி இந்த ஆணியில மாட்டிட்டுத்தான் படுத்தேன்.

— எலி தூக்கிட்டுப் போயிருக்கும்.

— இரும்புச் சாவியவா?

— மலை எலி. குளுருக்கு எதையும் திங்கும்.

— சரி உடுங்க... தூக்கிட்டுப் போன எலியே கொண்டாந்து வெச்சாலும் வெக்கும்.

— அதை உடு. இது என்ன, சொல்லு பாக்கலாம்?

— கொடைக்காம்பு. ஒடஞ்ச கொடையெல்லாம் சேத்துச் சேத்து வெச்சீங்களே, இதுக்குத்தானா?

— இந்த ஊர்க் காத்துக்குக் கொடை நிக்கறதில்ல. துணி கிழிஞ்சாலும் காம்பு கெடறதில்ல. வளைஞ்ச காம்பை வரிசையா அடிச்சாக் கொக்கி. ஒண்ணுல உன்ற ஸ்வெட்டரு, ஒண்ணுல உன்ற சால்வை, ஒண்ணுல...

— உங்க கொரங்குக் குல்லா.

— சிரிக்காத. கதவுக்கு உள்பக்கம் பாரு.

— இது... உங்க பழைய காக்கிப் பேண்டு இல்லீங்களா? காலை வெட்டிப்போட்டீங்களா!

— அடியத் தெச்சு மேல தொறந்து உட்டா அது ஒரு பை. ஒரு கால்ல உன்ற ரவிக்கை. இன்னொரு கால்ல பாவாடை.

— என்ற பாவாடை உங்க பேண்டுக் காலுக்குள்ளயா? ஆராச்சும் பாத்தா என்னங்க நெனப்பாங்க!

— புருசன் பொண்டாட்டி ஒத்துமையா இருக்காங்கன்னு நெனப்பாங்க.

— போங்க அக்கட்டால... அதென்ன, மேல் தட்டுக்கு அடியில மூடி மூடியா ஆணி அடிச்சு வெச்சிருக்கீங்க?

— அப்படிக் கேளு! காபித்தூள் பாட்டில் மூடி. மூடிய மட்டும் பலகையில அடிச்சாச்சு. இப்பப் பாட்டிலை அதுல திருகு... ஆங், இன்னும் கொஞ்சம்... கையை எடு.

— அட, தொங்குது!

— வளையலு ஒண்ணுல, ஊக்கு ஒண்ணுல, ரிப்பன் ஒண்ணுல. தட்டுல எடமே அடைக்காது.

— இதை ஆருங்க சொல்லிக் கொடுத்தாங்க?

— ஆரும் சொல்லல. ராத்திரியில தூக்கம் வர்றதில்ல. மோட்டுவளையப் பாத்துட்டுப் படுத்திருந்தா தானா வருது.

— ஏன் தூக்கம் வர்றதில்ல?

— குளுரு! என்ற கம்பிளியத்தான் நீ பொட்டிக்குப் போத்தி உட்டர்றயே. கேக்கோணும்னே இருந்தேன்... பொட்டிக்குக் குளுருமா, சாந்தா?

— குளுராதுங்களா? தகரம். தொட்டுப் பாருங்க, ஜில்லுன்னு இருக்கும்.

— எனக்குத் தெரியாதாக்கும்? ஊருக்குப் போற பொட்டி. கீறல் உழுந்துறக் கூடாதுன்னு சுத்திச் சுத்தி வெக்கற.

— அப்படீங்களா? அதையும் நீங்களே கண்டுபுடிச்சுட்டீங்களா?

— சாந்தாமணி! ஏய், சாந்தாமணி!

— வாங்க ராக்கம்மாக்கா. பாத்து வாங்க, பலகை கெடக்குது.

— என்ன கண்ணு, ஊட்டை இடிக்கறீங்களா? எங்கூட்டுச் செவுத்துல சாமிப் படமெல்லாம் ஆடுது.

— அலமாரிக்குத் தட்டு அடிக்கறேங்க அக்கா. முடியப் போகுது.

— அடிங்க நல்லசிவம் தம்பி, நல்லா அடிங்க. கண்ணு, ஒரு கரண்டி மாவு கொடு. நான் முந்தாநேத்து ஆட்டுனது இன்னும் கல்லாட்டக் கெடக்குது. உன்ற மாவுல ஒரு கரண்டி சேத்தா அதுக்காச்சும் ரோசம் வருதான்னு பாக்கறேன்.

— மாவு... இல்லீங்களே அக்கா.

— இல்லியா? நேத்துச் சாயங்காலம் நீ ஆட்டுக்கல்லுல ஆட்டுனது எங்கூடு வரைக்கும் கேட்டுச்சே!

— பொங்கலைங்க அக்கா. இன்னிக்கி உப்புமாதான்.

— உன்ற கைக்கே பொங்கலியா! தம்பி பேக்டரி பூரா சொல்லி வெச்சிருக்காரு, இந்த அருவங்காட்டுலயே தை மாசத்துல மாவு பொங்கற ஒரே ஊடு எங்கூடு, என்ற சம்சாரத்துக்குக் கைராசின்னு. அதைக் கேட்டுட்டு வந்து எங்கூட்டுக்காரரு என்ற கையப் பாத்தாரு பாரு ஒரு பார்வை... நான் கையை முந்தானைக்குள்ள ஒளிச்சுக்கிட்டேன்.

— நெசத்தைத்தானுங்க அக்கா சொன்னேன். பனி கொட்டற காலத்துல இவ சுட்ட இட்லி பஞ்சாட்ட இருந்துச்சு. எங்க பேக்டரி பிட்டரு இசக்கி பதினாலு தின்னான்.

— அப்படி என்னதான் கண்ணு பண்ற? எங்கிட்ட மட்டும் சொல்லு.

— ஒண்ணும் பண்றதில்லீங்க அக்கா. கையிலயே கரைச்சு உடறேன், அவ்வளவுதான்.

— ஹூம், நீ சொல்ல மாட்ட. சரி, நாளைக்குப் போறயாமா? ஆடி முடிஞ்சதும் வந்துருவயா, இல்ல ஆவணி, பொரட்டாசின்னு அங்கயே இருந்துக்குவயா? போன வருசம் மேல் லைன் கருப்பம்மாள் மருமக, குளுரு ஒத்துக்கலைன்னு பொட்டியோட போனா. பொட்டியும் வரல, அவளும் வரல.

— அக்கா, உங்கூட்டுல இருந்து என்னமோ தீயற வாசம் வருதுங்க.

— தீயுதா? நான் அடுப்புல ஒண்ணுமே வெக்கலியே... அடக் கெரகமே, பருப்பு!

— ஏனுங்க, எனக்கு ஒரு வாசமும் வரலியே?

— எனக்கும்தான் வரல. பருப்பு தீஞ்சது அவங்க நேரம்.

— மூஞ்சி ஏன் அப்படி ஆயிருச்சு? ஆணிய உட்டுட்டு வெரல்ல அடிச்சவராட்ட.

— வெரல்லதான் அடிச்சுட்டேன்.

— காட்டுங்க... ஒண்ணும் ஆகல. ஏனுங்க, கருப்பம்மாள் மருமகளுக்கு ஊட்டுல இந்த மாதிரி அலமாரி இருந்துச்சுங்களா?

— அவன் எங்க? ஒரு ஆணி அடிக்க மாட்டான்.

— அதுதானே பாத்தேன்.

— ...என்ன பாத்த?

— ஒண்ணுமில்லீங்க. எல்லாத்துக்கும் எடம் வெச்சீங்க, உங்க பூட்ஸுக்கு எங்கீங்க எடம்?

— பூட்ஸா? அது கட்டிலுக்கடியிலயே கெடக்கட்டும்.

— கொண்டாரட்டுங்களா? அப்படியே பாலீஷும் போட்டர்றேன்.

— வேண்டா! ...இல்ல, நானே போட்டுக்கறேன். அது ஈரமா இருக்குது.

— வெளிய ஈரமா, உள்ள ஈரமா? கையை உட்டுப் பாக்கட்டுங்களா?

— சாந்தா! அந்த வயரை எடு இங்க. பெரிய வேலையே இனிமேத்தான் இருக்குது.

— அலமாரிக்குள்ள பல்பா? துணியெல்லாம் ராத்திரி ஒக்காந்து படிக்கப் போகுதுங்களா?

— வெளிச்சத்துக்கில்ல, சூட்டுக்கு. பெரிய பங்களாவுல எல்லாம் இப்படித்தான், மழைக்காலத்துல அலமாரிக்குள்ள பல்பு எரியும். மேல் தட்டுக்கு நேர் கீழ மாட்டியிருக்கேன். துணி படாம இருக்கக் கம்பி வலை சுத்தியாச்சு. சுச்சைப் போடு.

— எரியுதுங்க!

— கதவைச் சாத்து. சித்த இரு, அவசரப்படாத... இப்பத் தொறந்து மேல் தட்டுல கையை வெய்யி.

— ஆத்தீ! எங்க தாராபுரத்து வெயிலாட்டக் கதகதன்னு இருக்குது!

— அதுக்குத்தான். நீ வெயில்ல வளந்தவ. ராத்திரி கை காலெல்லாம் வெறச்சுப் போய்ச் சுருண்டு படுத்திருப்ப, எனக்கு மனசு கேக்காது. ஊடு பூரா சூடு பண்ண என்னால ஆகுமா? ஒரு தட்டையாச்சும் தாராபுரம் ஆக்கலாம்னு...

— ராத்திரி பூரா எரியுங்களா?

— விடிய விடிய.

— மேல் தட்டு என்ன ஒசரம்? ஒரு போசி நிக்குங்களா? மூடியோட?

— சேலை வெக்கற தட்டுல பாத்திரம் எதுக்கு?

— சும்மா கேட்டேன்.

— கேக்கறதப் பாரு... ஏன் சாந்தா, ஊட்டுக்குள்ள என்னமோ புளிச்ச வாசம் அடிக்குதே?

— இப்பவும் ராக்கம்மாக்கா ஊட்டுல இருந்துங்களா?

— இல்ல இல்ல, நெசமாவே அடிக்குது. இங்க இருந்துதான்... கட்டிலுக்கடியில... சாந்தா! பொட்டியப் பாரு! கம்பிளி நனைஞ்சிருக்குது. மூடி இடுக்குல வெள்ளையா, நொரை நொரையா ஒழுகுது!

— ஐயையோ! அதுக்குள்ளயா!

— உள்ள என்னத்த வெச்சிருக்க?

— சாவி இருந்தாத் தொறந்து பாக்கலாம். எலி கொண்டுட்டுப் போயிருச்சே... சீக்கிரமுங்க, அடியில என்ற கூறைச்சேலை இருக்குது!

— இந்தா. திட்டறதுன்னா அப்பறம் திட்டு, மொதல்ல தொற.

— எங்கிருந்துங்க எடுத்தீங்க?

— பூட்ஸுக்குள்ள இருந்து. தொற, தொற!

— புடிங்க, மூடிய இப்படிப் புடிங்க... போச்சு, பூ போட்ட சேலை போச்சு... பச்சைச் சேலையும் போச்சு... கூறைச்சேலை தப்பிச்சுது, சாமி!

— மாவு... சாந்தா, இது இட்லி மாவு! பொட்டிக்குள்ள எதுக்கு மாவு?

— இந்தக் குளுர்ல அது வேற எங்கீங்க பொங்கும்? வந்த மொத நாளு ஆட்டி வெச்சேன், மறுநா அப்படியே கெடந்துச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு. அப்பறந்தான் போசியச் சுத்தி என்ற சேலையெல்லாம் அண்டக் கொடுத்து, பொட்டிக்குள்ள எறக்கி, பூட்டி, மேல உங்க கம்பிளியப் போத்துனேன். காத்தால பாத்தா ததும்பி நிக்குது. நீங்க தின்னுட்டுக் கைராசின்னீங்க...

— நீயும் ஆமான்னுட்ட.

— புருசன் கொடுத்த பட்டத்தை ஆராச்சும் வேண்டாம்பாங்களா?

— அப்ப சேலைய அலமாரிக்கு மாத்தாம இருந்தது...

— சேலையெல்லாம் அலமாரிக்குப் போயிட்டா மாவுக்கு ஆருங்க போத்தறது?

— அடிப்பாவி... நான் ஒரு மசையன், கூறு கெட்டவன். இந்தப் பொட்டியப் பாத்துப் பாத்தே எனக்கு எளைப்பு வந்துருச்சு.

— சிரிச்சது போதும். சாவிய எதுக்கு ஒளிச்சீங்க? அதைச் சொல்லுங்க.

— ...அந்தச் சுத்தியல எடுத்து உள்ள வெக்கட்டா?

— சுத்தியலு அங்கயே இருக்கட்டும். சொல்லுங்க.

— பொட்டி பூட்டிக் கெடந்தா உன்னால ஊருக்குத் துணி அடுக்க முடியாது. பொட்டி இங்கயே தங்கிரும். பொட்டி தங்குனா நீ வந்துதான் ஆகோணும்னு... குளுரு ஒத்துக்கலைன்னா புள்ளையக் கூட்டிட்டு வந்துருவேன்னு உங்கப்பா கண்ணாலத்தன்னிக்கே சொன்னாரு. ஆடிக்குப் போ, வேண்டாங்கல. முடிஞ்சதும் வந்துரு சாந்தா. நீ இல்லாம என்னால இந்த ஊட்டுல இருக்க முடியாது.

— இன்னொருக்காச் சொல்லுங்க.

— வந்துருன்னேன்.

— ...அந்த மஞ்சப்பைய எடுங்க. ஆடிக்கு ரெண்டு சேலை போதும். மத்ததெல்லாம் தொவைச்சு நடுத் தட்டுல அடுக்கறேன். மேல் தட்டு மாவுப் போசிக்கு. அடித்தட்டு கூறைச்சேலைக்கு.

— அப்ப என்ற பேண்டு?

— கொடைக்காம்பு இருக்குதுங்களே.

— சரி, கொடைக்காம்பாச்சும் கொடுத்தயே... பொறு, பொறு. காத்தாலருந்து பூட்ஸைக் கொண்டாரட்டா, பாலீஷ் போடட்டா, கையை உடட்டான்னு கேட்டுட்டே இருந்தயே... சாவி அங்க இருக்கறது உனக்குத் தெரியுமா?

— ராத்திரி நீங்க பூனையாட்ட எந்திரிச்சு ஆணியில இருந்து எடுக்கறப்பவே முழிச்சுட்டுத்தான் இருந்தேன். ஒரு போசி மாவு போனாப் போகுது, இந்த மனுசன் வாயைத் தொறந்து ‘வந்துரு’ன்னு ஒரு வார்த்தை சொல்றாரான்னு பாக்கலாம்னு சும்மா இருந்தேன்... மாவே பொறுக்க மாட்டாம மூடியத் தள்ளிட்டு வெளிய வந்துருச்சு, நீங்கதான் பலகை மேல பலகையா அடிச்சுட்டே இருந்தீங்க!