பலகையில் இருந்த பூஜ்யம்

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டால் எனக்கு அன்றைக்கு ராஜயோகம்தான். கார் ஓட்டும் தேர்வில் மூன்று தடவை கோட்டை விட்டவன் வேறு எதற்கு ஆசைப்பட முடியும், ஐயா? அப்படிப்பட்டவனைத்தான் நகராட்சி, வேலைக்குக் காரில் வருகிறவர்களைக் குறைக்கும் பிரிவுக்குப் பொறுப்பாளனாகப் போட்டது. எனக்கும் திருப்திதான். நான் ஓட்டாத காரை இனி ஊரே ஓட்டாது.

திட்டம் எளிது. காரை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸிலோ சைக்கிளிலோ வேலைக்கு வரவேண்டும். வீட்டில் ஏதாவது அவசரம் என்றால் ஒரு போன் போதும். எங்கள் அவசர வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அதை நம்பித்தான் ஜனங்கள் கையெழுத்துப் போட்டார்கள். என் மனைவியின் தம்பி ஒருபடி மேலே போய்க் காரையே விற்றான். அவனுக்கு வேலை ஊர்க்கோடி நீரேற்று நிலையத்தில்.

"அப்பா உடம்பு முன்ன மாதிரி இல்ல அத்தான். உங்க வண்டிய நம்பித்தான் விக்கிறேன்."

"வண்டி என்னடா, நானே உன்னத் தூக்கிட்டு ஓடுறேன்" என்றேன்.

என் மேஜைக்கு எதிரே ஒரு பலகை. 'அவசர வண்டி கேட்டவர்கள்: 0.' அந்தப் பூஜ்யத்தைப் பிள்ளை மாதிரி வளர்த்தேன். திட்டத்தின் ஓராண்டு நிறைவு விழாவில் நகராட்சித் தலைவர் படிக்கவேண்டிய உரையும் நான் எழுதியதுதான்: காரை விட்டதால் ஒருவருக்கும் ஒரு சிரமமும் வரவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் மைத்துனன் கூப்பிட்டான்.

"அத்தான், அக்கா ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசினா. அப்பா என்னையே கேக்குறாராம். வண்டி அனுப்புங்க."

"கிளம்பியாச்சுடா."

வண்டி கீழேதான் நின்றது. டிரைவர் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே பார்த்தேன், நல்ல சுத்தம். விழாவுக்கு இன்னும் ஒரே ஒரு நாள்தானே, அதுவரை பூஜ்யம் நிற்கட்டும் என்று நினைத்தேன். மாமனார் ஏற்கெனவே இரண்டு தடவை எமனுக்கே டிமிக்கி கொடுத்தவர்.

பத்து நிமிஷத்தில் மறுபடி போன். "டாக்ஸி பிடிச்சுக்கட்டுமா?"

டாக்ஸியும் கார்தானே. "வேண்டாம், வழியில நெரிசல். கேட் கிட்டயே நில்லு. நகர்ந்தா டிரைவர் தேடுவாரு."

நெரிசலைக் குறைக்கச் சம்பளம் வாங்குகிறவன் நெரிசல் மேலேயே பழி போட்டேன். அது கொஞ்சம் வெட்கம்தான்.

மனைவியும் பேசினாள். "தம்பி எங்கங்க? அப்பா வாசலையே பாக்குறாரு."

"வந்துகிட்டே இருக்கான்மா."

நாற்பது நிமிஷம் நின்றுவிட்டு அவனே பஸ் பிடித்தான். போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். மாலையில் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். நிஜமான அழுகை, ஐயா. துக்க வீடு என்பதால் மறுநாள் விழாவுக்குப் போகவில்லை. உரையில் ஒரு வார்த்தைகூட மாற்றாமல் தலைவர் படித்தாராம்.

இந்த விசாரணையில் உங்களிடம் டிரைவர் சொன்னது அத்தனையும் உண்மை. அவரிடம் நான் சொல்லவே இல்லை. மறந்துபோகவில்லை, சொல்லவில்லை.

மைத்துனன் இப்போது வீட்டுக்கு வருவதில்லை. மனைவி தட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். ஆனால் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: அவன் இன்னும் கார் வாங்கவில்லை. நேற்றுகூட பஸ்ஸில் பார்த்தேன். என் பக்கத்து இடம் காலியாக இருந்தும் கடைசிவரை நின்றுகொண்டே வந்தான். திட்டத்தின் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.