பாதம் கழுவிய தண்ணீர்

மாதா கோயிலில் நான் எப்போதும் கடைசி வரிசையில்தான் உட்காருவேன். முன்னால் இடம் இருந்தாலும் போக மாட்டேன். நம் தகுதி நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஐயா. பீடத் துணிகளை வருடக்கணக்காகத் துவைத்துத் தருகிறேன். ஒரு தரம்கூடப் பூசையில் யாரையும் என் பெயரைச் சொல்ல விட்டதில்லை. தினமும் படுக்குமுன் முழங்காலில் நின்று, அன்று செய்த பாவம் ஏதாவது உண்டா என்று ஆத்தும சோதனை செய்வேன். அமல்ராணி எப்படிப்பட்டவள் என்று திண்டிவனத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் மருமகள் மெர்லினைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். என் மகன் ஸ்டீபன்ராஜ் 2006இல் இறந்தான். லாரி ஓட்டினவன். மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொன்னேன். அடுத்த வருடம் அவளுக்கும் அதே மாதிரி உடம்பு உருகியது. விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்து எய்ட்ஸ் என்றார்கள். மாத்திரை கொடுத்து, ஒருநாளும் விடக்கூடாது என்றார்கள்.

அவள் குடித்த டம்ளரைத் தொட்டாலே கை கூசியது. பின்கட்டில் மல்லாட்டை மூட்டை போடும் அறையில் அவளுக்குப் பாய் விரித்தேன். இருமி இருமிக் கொட்டாங்கச்சியில் சளி துப்புவாள். அறை முழுக்கப் புளித்த நாற்றம். இத்தனைக்கும் காரணமான பாவத்தை இவள் மறைக்கிறாள் என்றே எனக்குத் தோன்றும்.

"பாவசங்கீர்த்தனம் பண்ணு. சாமியாரக் கூட்டியாரேன்" என்றேன்.

"நான் ஒரு தப்பும் பண்ணலிங்க அத்தே. ஒங்க புள்ளயத் தவிர வேற யாரையும் தெரியாது."

அந்த அகம்பாவத்தைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. உடம்பு தேறிவிட்டால் மனம் திரும்ப மாட்டாள் என்று பட்டது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று மாத்திரைகளை எல்லாம் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். அறைக்கு வெளியே பூட்டுப் போட்டேன். ஒப்புக்கொண்டால் வேறு மாத்திரை வாங்கித் தருகிறேன் என்று தவக்காலம் நாற்பது நாளும் சொல்லிப் பார்த்தேன். முதலில் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அதுவும் நின்றது.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி ஜன்னல் வழியாகக் கேப்பைக் கூழ் கொடுப்பாள். கம்பிக்குள் கையை விட்டு மெர்லினின் வாயைத் தன் முந்தானையால் துடைப்பாள். அதே முந்தானையால் தன் முகத்தையும் துடைத்துக்கொள்வாள். பார்த்த எனக்கு வாந்தியே வந்துவிட்டது.

"இன்னா மனுஷி நீ. மாத்திர மாத்திரன்னு அழுவுது, காதுல வுழலியா?" என்றாள்.

விழுப்புரம் போய் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். சாமி தெரியாதவள். அவளைத் தீர்ப்பிட நான் யார்?

பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்தது போல, சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவினார். எனக்குக் கண் கலங்கியது. நானும் என்னைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று வீட்டுக்கு வந்து, கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, டெட்டால் கலந்த தண்ணீரில் மெர்லினின் பாதங்களைக் கழுவினேன். விரலிடுக்கெல்லாம் புண். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கழுவிய பாதத்தை முத்தமிடுவது முறை. அதை மட்டும் விட்டுவிட்டேன்.

அவள் என் தலையில் கை வைத்தாள். "மாத்திர குடுங்க அத்தே. பொழச்சிக்கறேன்."

"மொதல்ல ஒத்துக்க."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தத் தண்ணீரைத் தோட்டத்தில் குழி வெட்டி ஊற்றினேன். பிறகு தலைக்குக் குளித்தேன். ஈஸ்டர் பூசை முடிந்து வந்து பூட்டைத் திறந்தபோது அவள் விறைத்திருந்தாள். பாஞ்சாலிதான் உங்களிடம் ஓடி வந்திருக்கிறாள்.

ஆமாம், ஸ்டீபன் சாகும்போது என்னிடம் சொன்னான். "நான்தாம்மா, லாரில போய்க்கினு இருந்தப்போ தப்பு பண்ணிட்டேன். மெர்லின் மேல ஒரு குத்தமும் இல்ல." நான்தான் அவன் வாயைப் பொத்தினேன். பெற்றவள் அல்லவா.

மாத்திரையைக் கொட்டியது நான். பூட்டியது நான். எழுதிக்கொள்ளுங்கள். நேற்று இந்த ஸ்டேஷனிலும் முழங்காலில் நின்று ஆத்தும சோதனை செய்தேன். அலசி அலசிப் பார்த்ததில் ஒரே ஒரு பாவம் அகப்பட்டது, ஐயா. மஞ்சள் காமாலை என்று நான் சொன்னது பொய்.