ஜிப்சம் பூவுக்கு என்ன வயது

பார்த்தவுடன் வயதைச் சொல்லிவிடுவேன். கல்லுக்குத்தான். மனிதர்களுக்கும் சொல்லிப் பார்த்தேன். என் கொழுந்தியாள் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதிலிருந்து கல்லோடு நிறுத்திக்கொண்டேன். கல் கோபித்துக்கொள்ளாது. ஒரு கோடி ஆண்டு கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் கிடந்த இடத்தில் கிடக்கும்.

எங்கள் சுரங்கத்தை நீங்களே பார்த்துவிட்டீர்கள். பழுப்பு நிலக்கரி வெட்டிய பெரும்பள்ளம். அதை மூடியபோது எந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள், ஆட்களைக் கழற்றிவிட்டார்கள், என்னை மட்டும் மறந்துவிட்டார்கள். பரிசோதனைக்கூடத்தில் மாதிரிக் கற்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தவன் நான். ஞாபகம் வந்ததும், பழைய கேன்டீனைக் கண்காட்சிக்கூடம் ஆக்கி அதில் என்னையும் வைத்தார்கள்.

பாத்திரம் கழுவும் தொட்டியில் இப்போது கல்லாகிப்போன மரத்துண்டு கிடக்கிறது. வயது ஐந்து கோடி ஆண்டு. தட்டு அடுக்கும் அலமாரியில் பைரைட். பொன் மாதிரி மின்னும், ஈரக்காற்று பட்டால் புளித்துப் பொடியாக உதிரும். மாமனார் கொடுத்த வாக்கு மாதிரி என்று மாணவர்களிடம் சொல்வேன். டோக்கன் ஜன்னலில் ஒரு மரப்பிசின் கட்டி, உள்ளே ஓர் எறும்பு. அதற்கும் ஐந்து கோடி.

எல்லாவற்றுக்கும் நடுவில் என் பூ. ஜிப்சம் படிகம். கண்ணாடி ஊசிகள் நாலாபுறமும் விரிந்து, இரண்டு கை சேர்த்து ஏந்தும் அளவு. தண்ணீர் கசியும் பழைய சுரங்கப்பாதையில் நானே கண்டெடுத்தது. அதற்கும் ஐந்து கோடி என்று அட்டை வைத்தேன். கரிக்கு அந்த வயது என்றால் கரிக்குள் இருந்ததற்கும் அதுதானே. யாரும் ஏன் எப்படி என்று கேட்கவில்லை. பத்திரிகையில் படம் வந்தது. கடைவீதியில் என்னை "அஞ்சு கோடி" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

"பேங்க்ல இல்லாட்டியும் பேருலயாவது இருக்கட்டும்" என்றாள் என் மனைவி. பெருமையாகத்தான் சொன்னாள்.

இனி சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், கல்லூரியில் நிலவியல் நடத்துபவர். நல்ல மனிதர். இதை எழுதிக்கொள்ளுங்கள், அவர்மேல் எனக்கு ஒரு காழ்ப்பும் கிடையாது. சத்தமாகச் சிரிப்பார், என் வீட்டுக்கு வந்தால் என் நாற்காலியில் உட்காருவார். அவ்வளவுதான்.

அன்று தன் மாணவர்களை அழைத்துக்கொண்டு வந்தார். என் பேச்சை முழுக்கக் கேட்டார். பிறகு கேட்டார்:

"அண்ணே, வீடு கட்டி நூறு வருஷம் ஆச்சுன்னா, அங்க ஓடுற பல்லிக்கும் நூறு வயசா?"

மாணவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சபையில் சிரிப்பதற்கு என்ன.

"கரியில இருக்கற பைரைட் காத்தும் தண்ணியும் பட்டா அமிலமாகும்" என்று அவர்களுக்கு விளக்கினார். "அது சுண்ணாம்போட சேர்ந்தா ஜிப்சம். சுரங்கத்தை மூடின பிறகு வளந்த பூ இது. உங்களவிட சின்னது." சொல்லிக்கொண்டே டார்ச்சை அடித்து அடிப்பாகத்தைப் பார்த்தவர் நின்றுவிட்டார். "அட, இங்க பாருங்க."

பூவின் நடுவில், ஊசிகளெல்லாம் எங்கிருந்து புறப்பட்டனவோ அங்கே, நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சீப்புத் துண்டு.

"அஞ்சு கோடி வருஷத்துக்கு முன்னாடி யாருண்ணே இங்க தலை வாரினது?"

அன்று சாயங்காலமே கடைவீதியில் என் பெயர் "சீப்பு" ஆகிவிட்டது. முடிதிருத்துபவர், "உங்களுக்கு இல்லாத சீப்பா சார்" என்று தன்னுடையதை என் கையில் கொடுத்தார். வீட்டில் சொன்னேன். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள். தோள் குலுங்குவது பின்னாலிருந்தும் தெரியும் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

எனக்குக் கோபம் இல்லை. ஒரு மனிதர் தவறான முடிவுக்கு வந்துவிட்டார், அவரைத் திருத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன். பூ கிடைத்த இடத்தைப் பார்க்க அவரே ஆசைப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் வாருங்கள் என்றேன்.

அந்தப் பாதையில் ஓரத்துக் கரி உள்ளுக்குள் கனன்றுகொண்டிருப்பது எனக்குத் தெரியும். அதிலிருந்து வரும் விஷவாயுவுக்குப் புகை கிடையாது, வாடை கிடையாது. அதனால்தான் அங்கே எச்சரிக்கைப் பலகை இருந்தது. முந்தின நாள் அதைப் பெயின்ட் அடிப்பதற்காகக் கழற்றியிருந்தேன். துருப்பிடித்திருந்தது, பராமரிப்பும் என் பொறுப்பு.

"காத்து சரியா இருக்குமாண்ணே?" என்று கேட்டார்.

"நேத்துதான் மீட்டர் வெச்சுப் பாத்தேன். தைரியமாப் போங்க" என்றேன். மீட்டரில் பேட்டரி இல்லை. அதை அவர் கேட்கவில்லை.

அவர் முன்னால் போனார். என் செருப்பு வார் அவிழ்ந்திருந்தது, நின்றேன். பாதையின் வாசலில் இரும்புக் கதவு. திறந்து கிடந்தால் காற்றில் அடித்துக்கொள்ளும். சாத்தினேன். கதவைச் சாத்தினால் தாழ்ப்பாள் போடுவது எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம்.

என் கொழுந்தியாள் உங்களிடம் வந்து அழுதபோது பக்கத்தில் தாங்கிப் பிடித்து நின்றவன் நான்தான். தேடும்போது வழி காட்டியவனும் நான்தான். வடக்குப் பள்ளத்தை ஒரு மூலை விடாமல் காட்டினேன். அவர் தெற்கே இருந்தார். உங்கள் நாய் கெட்டிக்கார நாய்.

உங்கள் மருத்துவர் உடலைப் பார்த்து, இறந்து ஏறக்குறைய இத்தனை நாள் என்றார். ஏறக்குறைய! அவரும் கண்ணால் பார்த்து வயது சொல்பவர்தான். அவருக்கு மட்டும் யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை.

கதவுக்கு இந்தப் பக்கம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டீர்கள். பேசிக்கொண்டிருந்தேன். கதவில் கை நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு உண்டு.

முதலில் அவர் சிரித்தார். "அண்ணே, விளையாடாதீங்க. தலை வலிக்குது."

"பூவுக்கு என்ன வயசு சகலை?"

"இதுக்கா இவ்வளவு? இருபது வருஷம்கூட ஆகாதுண்ணே. கதவைத் திறங்க."

நான் பொறுமையாகக் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கதவைத் தட்டினார். அப்புறம் தன் மனைவி சாப்பிடாமல் காத்திருப்பாள் என்றார். அது உண்மைதான், இரண்டு சகோதரிகளுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அப்புறம் இடுக்கு வழியாக விரல்களை நீட்டினார். தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தன.

"அஞ்சு கோடிண்ணே" என்றார். நாக்கு குழறியது. "சத்தியமா அஞ்சு கோடி. ஊரெல்லாம் நானே சொல்றேன். நான் சொன்னதுதான் தப்பு."

தாழ்ப்பாளில் கை வைத்தேன். நிஜமாகவே வைத்தேன். எனக்கு வேண்டிய பதில் அதுதான். வெளியே விட்டிருந்தால் சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் இருப்பார், அப்படிப்பட்ட மனிதர்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். வாயு தலைக்கேறி, உயிர்ப் பயத்தில் ஒருவர் சொல்வதை எப்படி ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியும்? மிரட்டி வாங்கிய முடிவை வைத்துக்கொண்டு பிழைக்கிற ஆள் நான் இல்லை. ஆராய்ச்சியில் நேர்மை வேண்டும். கையை எடுத்துவிட்டேன்.