மூன்றாவது கியர் விழாத வண்டி

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. முப்பத்தாறு வருடம் ஜனக்புரியிலிருந்து சார்ட்டர்ட் பஸ்ஸில் அமைச்சகத்துக்குப் போய்வந்தவன். ஜன்னல் சீட் கிடைத்தால் போதும் என்று இருந்தவன். அதனால் லூர்துராஜின் பிக்கப் வண்டியை நான்தான் கெடுத்தேன் என்று நீங்கள் கண்டுபிடித்தபோது, பிலோமி, முதலில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

வாயால் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எழுத்தில் தருகிறேன். பின்னால் கோப்பைப் பார்ப்பவருக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உங்கள் கணவர் லூர்துராஜ் எனக்கு மாடிவீட்டுக்காரர். ஏதோ ஒரு தூதரகம் ஏலத்தில் விட்ட டீசல் பிக்கப்பை வாங்கி வைத்திருந்தார். ஆட்டோமேட்டிக் கியர். டீசல் வண்டிக்குப் பத்து வயது முடிந்தால் தில்லியில் ஓட்டக்கூடாது; இந்த வண்டிக்குக் கெடு செப்டம்பர் முப்பது. அதற்குள் சாமானை ஏற்றிக்கொண்டு, உங்களையும் பக்கத்தில் உட்காரவைத்துத் திண்டுக்கல்லுக்கே ஓட்டிப்போய் அங்கேயே தங்கிவிடுவது அவர் திட்டம். வெளியூர் கொண்டுபோக ஆட்சேபணை இல்லை என்ற சான்றிதழைக்கூட அலைந்து வாங்கிவிட்டார்.

எனக்கும் ஆட்சேபணை இல்லை. இதைப் பதிவு செய்துகொள்ளவும். என் கவலையெல்லாம் பாதுகாப்பு பற்றியதுதான். அறுபத்தெட்டு வயதுக்காரர் இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டப்போகிறார் என்றால் வண்டியைச் சோதித்துப் பார்க்க வேண்டாமா? சோதிக்க ஒரு கோளாறு வேண்டும். அந்த வண்டியில் கோளாறே இல்லை.

ஜனவரியில் உங்களிடம் நோயாளிக்கு மூக்கு வழியே கஞ்சி ஊற்றும் பழைய டியூப் ஒன்றும் பெரிய சிரிஞ்சும் கேட்டேன், நினைவிருக்கும். செடிக்கு என்றேன். நீங்கள் நர்சாக இருந்தவர். வீட்டில் இல்லாமலா போகும்? எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவிவிட்டு, அந்தத் துளையில் டியூபை விட்டு இழுத்தால் கியர் பெட்டியின் சிவப்பு எண்ணெய் வரும். நீங்கள் இருவரும் மெட்ரோவில் சர்ச்சுக்குப் போகும் ஞாயிறுகளில் வண்டிச் சாவி என்னிடம் இருக்கும். ஓட்டத் தெரியாதவனிடம் கொடுத்தால் பத்திரம் என்று அவர் நினைத்தார். வாரத்துக்கு ஒரு டம்ளர் எடுத்தேன். அதற்குத் தனி டம்ளர். காபி டம்ளரை நான் தொடவில்லை. அதிலெல்லாம் நான் ஆசாரம்.

நான்காவது டம்ளரில் பலன் தெரிந்தது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகாமல் வண்டி கத்தியது. லூர்துராஜ் முகம் வாடி வந்தார். நான் காபி கலந்தேன், ஒரு கோப்பு திறந்தேன். அன்றிலிருந்து தினமும் மாலை ஐந்து மணிக்கு வண்டி முன்னால் இரண்டு நாற்காலி போட்டுக் கோளாறை ஆராய்ந்தோம். என் மனைவி காமாக்ஷி காலமான பிறகு என் வீட்டில் டிகாக்‌ஷன் இறக்கினால் பாதி வீணாகும். அந்த எட்டு மாதம் வீணாகவில்லை. இதைச் சலுகை கேட்டுச் சொல்லவில்லை; தகவலுக்காக.

மெக்கானிக் வந்தான். "ஆயில் கம் ஹை, அங்கிள்ஜி. லேகின் லீக் நஹீ ஹை" என்று தலையைச் சொறிந்தான். குறைகிறது, ஆனால் ஒழுகவில்லை என்றால் எங்கேதான் போகும்? அடியில் அட்டை விரித்துப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. லூர்துராஜ் காணாமல்போன எண்ணெய்க்காக, தொலைந்ததைத் தேடித்தரும் அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டார். அந்த வாரம் நான் எடுக்கவில்லை. ஒருவருடைய நம்பிக்கையைக் கெடுக்கும் ஆள் நானில்லை.

அடுத்தது கையேடு. எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் எண்ணெய் அளவு பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. வாசித்துச் சொல்வது என் பொறுப்பு. அந்த ஒரு வரியை விட்டுவிட்டேன். அவர் ஆறிய வண்டியில் பார்த்துப் பார்த்து ஊற்றினார். எண்ணெய் கூடிப்போய், நுரைத்து, கியர் வழுக்க ஆரம்பித்தது. ஆகஸ்டில் கியர் பெட்டிக்குப் போகும் சின்ன ஒயர் பிளக்கைக் கழற்றினேன். வண்டி ஒரே கியரில் நொண்டியது. மெக்கானிக் வரும் நாளில் மாட்டிவைப்பேன். அன்று பிரமாதமாகப் போகும்.

"டாக்டரப் பாத்ததும் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ட மாதிரில்ல இருக்கு, வைத்தி சார்" என்பார் லூர்துராஜ்.

செப்டம்பர் இருபத்தொன்பதில் நிரந்தரமாக மாட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். அன்று தூறல்.

எல்லாம் கோப்பில் இருக்கிறது. எழுதாமல் ஒரு காரியம் செய்ய எனக்கு வராது. 'பத்தி 14: இன்று ஒரு டம்ளர் எடுக்கப்பட்டது.' மாலையில் கோப்பை அவரிடம் நீட்டுவேன். அவரும் அரசாங்க ஊழியராக இருந்தவர்தானே. படிக்காமல் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போடுவார். நாற்பத்தொரு கையெழுத்து. ஆக, எல்லாம் முறைப்படி அவருக்குத் தெரிவித்தே நடந்தது. அவர் மாடிக்கு எடுத்துப்போன கோப்பைப் படித்த ஒரே ஆள் நீங்கள். அதுவும் பாத்திரம் சுற்றக் காகிதம் தேடியபோது.

கெடு முடிந்ததும் வண்டியை உடைப்பதற்குக் கிரேன் வந்து தூக்கியது. அவர் பானெட்டைத் தடவிக்கொண்டே அழுதார். நானும் அழுதேன், பொய்யழுகை இல்லை. வண்டி போனால் பயணமும் போகும் என்று நினைத்திருந்தேன். அவர் மறுநாளே ரயிலில் டிக்கெட் எடுத்துவிட்டார்.

"வண்டியே போயிருச்சு. இனி இங்க எனக்கு என்ன சார் இருக்கு?" என்றார். அப்போது மணி ஐந்து. நான் இரண்டு டம்ளரோடு எதிரில் நின்றுகொண்டிருந்தேன்.

நேற்று நீங்கள் கோப்பும் கையுமாக வந்தீர்கள். சத்தம் போடவில்லை. "ஏண்ணே, போகாதீங்கன்னு ஒரு வார்த்தை வாயத் தொறந்து சொல்லியிருந்தா நாங்க இருந்திருப்போமே" என்றீர்கள். அவரிடம் சொல்லவில்லை என்றும், டியூபை மட்டும் திருப்பித் தரும்படியும் சொன்னீர்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் இது: போகாதீர்கள் என்று நான் ஏன் சொல்ல வேண்டும்? எனக்குத்தான் ஆட்சேபணையே இல்லையே.

வியாழக்கிழமை உங்கள் ரயில். உங்களையும் சாமானையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வருவதும் ஒரு பழைய டீசல் வண்டிதானாம். டிரைவரிடம் பேசினேன்; நல்ல பையன், காலையில் சீக்கிரம் வந்து என் வீட்டில் காபி சாப்பிடச் சம்மதித்திருக்கிறான். உங்கள் டியூபை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மாடிக்கு வந்து தருகிறேன்.