துரு தின்ற ஓட்டை

யார் கேட்டாலும் சொல்லிக்கொடுக்கிறவன் நான். எங்கள் ஊர்க் கடையில் விசாரித்துப் பாருங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. களிமண்ணோடு எவ்வளவு மணல் சேர்ப்பது, செங்கல்லை எதுவரை ஊறவைப்பது என்று நடுவழியில் நிறுத்திக் கேட்டால்கூட, நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

என் பெயர் லுட்விக். வீட்டைச் சூடாக்க விறகெரிக்கும் கணப்பு கட்டுவது தொழில். லிதுவேனிய எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்தில் குளிர் பாதி வருஷம் கிடக்கும். நடுவில் செங்கல் கணப்பு இல்லாத வீட்டை நாங்கள் வீடு என்று சொல்வதில்லை. அந்த வேலைக்குச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

செலினா வந்தது, தெற்கே பஞ்சாலைகளை மூடிய வருஷம். நாற்பதைத் தாண்டியவள். இறந்துபோன அத்தையின் வீடு அவளுக்கு வந்திருந்தது. வந்த வாரமே என் வாசலில் நின்றாள்.

"மேஸ்திரி, எனக்கு இந்த வேலையைக் கத்துக் குடுப்பீங்களா? தறியை நிறுத்திட்டாங்க. வேற ஒண்ணும் தெரியாது எனக்கு."

"கையெல்லாம் மண்ணாயிடுமே, அம்மா."

"பஞ்சு நெஞ்சுக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு, மேஸ்திரி. மண்ணு கையோடதானே நிக்கும்?"

சரி என்றேன். கடைக்காரி போகூஷாதான் சிரித்தாள். "கத்துக் குடுத்துட்டு அப்புறம் நீங்க ஈ ஓட்டப்போறீங்க, பாருங்க." பாதிரியார் அப்படி நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், தெரிந்ததைப் பொத்தி வைக்காத மனிதன் என்று என்னைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, மறைப்பானேன்.

அவள் நன்றாகக் கற்றாள். அதைக் குறைத்துச் சொன்னால் நான் பொய்யன் ஆகிவிடுவேன். பூச்சு வேலையில் அவள் கை என் கையைவிடச் சுத்தம். வேலை முடிந்ததும் தரையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரியை உட்காரவைத்து, எப்படி எரிக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு வருவாள். நான் யார் வீட்டுத் தரையையும் துடைத்ததில்லை. மேஸ்திரி எதற்குத் தரை துடைக்க வேண்டும்? ஆனால் பெண்களுக்கு அது பிடித்துப்போனது. முதலில் பள்ளிக்கூட ஆசிரியை, பிறகு பாதிரியாரே அவளைக் கூப்பிட்டார்.

அதன்பின் இவோனா. அவள் அப்பா வீட்டுக் கணப்பு நான் கட்டியது. அதன் கதகதப்பில் தவழ்ந்து வளர்ந்தவள் அவள். கணவன் ரோமானோடு புது வீடு கட்டியதும் என்னைத் தேடி வந்தாள். "மேஸ்திரி, தப்பா நெனச்சுக்காதீங்க. செலினாகிட்டச் சொல்லிட்டோம். உங்களுக்கும் வயசாகுது, முட்டி வலின்னு சொல்றீங்க." நான் தப்பாக நினைக்கவில்லை. பிறகு நடந்ததற்கு அதுதான் காரணம் என்று நீங்கள் எழுதினால் சரியாக இருக்காது.

இங்கே ஒரு விஷயத்தை உங்களுக்கு விளக்க வேண்டும். விறகு எரிந்து முடிந்ததும், சூடு புகைபோக்கி வழியாகப் போய்விடாமல் ஓர் இரும்புத் தகட்டைத் தள்ளிப் புகைவழியை மூடுவோம். அந்தத் தகட்டில் கட்டைவிரல் நுழைகிற அளவு ஓர் ஓட்டை இருக்க வேண்டும். கொல்லன் அடித்துத் தரும் தகட்டில் அதை நானே போட்டுக்கொள்வேன். கங்கு அணைவதற்குள் யாராவது அவசரப்பட்டு மூடிவிட்டாலும் நச்சுக்காற்று அதன் வழியே வெளியேறிவிடும். அதற்கு நிறம் கிடையாது, வாடையும் கிடையாது. தூங்குகிறவர்கள் தூங்கிக்கொண்டே இருப்பார்கள்.

செலினா அதுவரை வேலை செய்தவை பழைய வீடுகள். பழைய தகடுகளையே எடுத்துத் துடைத்துப் பொருத்தினாள். இவோனாவின் வீடு புதிது, தகட்டைப் புதிதாகக் கொல்லனிடம் அடிக்க வேண்டும். மாதிரிக்கு ஒரு பழைய தகட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் கொட்டகையில் விறகு பிளந்துகொண்டிருந்தேன்.

"மேஸ்திரி, இதுல நடுவுல ஒரு ஓட்டை இருக்கே. எதுக்கு இது?"

வாங்கிப் பார்த்தேன். ஓரமெல்லாம் அரித்திருந்தது.

"துரு தின்னுருக்கு" என்றேன்.

"அதானே. சூடெல்லாம் வீணாப் போகுதேன்னு பார்த்தேன். புதுசை ஓட்டையில்லாம அடிக்கச் சொல்லிடறேன்."

"நல்ல கனமா அடிக்கச் சொல்லு" என்றேன்.

ஏன் என்று கேட்பீர்கள். எனக்கும் இதை ஒருவரும் சொல்லித்தரவில்லை. நான் கட்டிய இரண்டாவது கணப்பு என் அக்காளுடையது. எனக்குத் தொழில் கற்றுத்தந்த மேஸ்திரி வந்து பார்த்தார், தகட்டைத் தொட்டுப் பார்த்தார், பேசாமல் போனார். அந்தக் குளிரில் அக்காளின் கணவர் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து திரும்பும்போதுதான் என் தோளில் கைபோட்டு ஓட்டையைப் பற்றிச் சொன்னார். "இனிமே மறக்கமாட்டே" என்றார். மறக்கவில்லை. அக்காள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் கொடுத்த விலை அது. செலினா என்ன கொடுத்தாள்? ஒரு பானை ஊறுகாய் முட்டைக்கோஸ் கொண்டுவந்து தந்தாள். என் ஆயுள் முழுவதையும் அதற்குள் அள்ளிக்கொண்டு போகலாம் என்றால் அது நியாயமா? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அவர்களை எச்சரிக்க வாய்ப்பே இல்லாமல் போய்விட்டது என்று, நாளைக்கு எனக்கொரு வக்கீல் வந்தால், சொல்லச் சொல்வார். அது உண்மையில்லை. கணப்பு காய்ந்ததும் இவோனா என்னைக் கூப்பிட்டாள். போனேன். கசகசா கேக் கொடுத்தாள். அவள் மகள் விழுந்த பல்லை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். ரோமானின் அம்மா சுவரோரம் கட்டிலில் உட்கார்ந்து, இனி முதுகுக்குச் சுகம் என்றாள். நான் தகட்டை இழுத்தேன், தள்ளினேன். வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போய் ஒட்டிக்கொண்டது.

"எப்படி மேஸ்திரி?" என்றாள் இவோனா.

"நல்லா மூடுது."

"நீங்க சொல்லிட்டீங்கல்ல, இனி நிம்மதி."

கேக்கில் இன்னொரு துண்டு மடித்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

முதல் கடுங்குளிரில் அது நடந்தது. கறக்காத மாடு விடாமல் கத்தியதால் பக்கத்து வீட்டுக்காரர் ஆள் திரட்டினார். கதவை உடைத்தவர்களில் நானும் ஒருவன். ஜன்னல்களை நான்தான் திறந்துவிட்டேன். மற்றவர்கள் கட்டில்களை நோக்கி ஓடினார்கள். நான் முதலில் தகட்டைப் பார்த்தேன். நன்றாகத்தான் மூடியிருந்தது. பிறகு குழந்தையை வெளியே தூக்கி வந்தேன். அந்த வீட்டில் ஒருவரும் பிழைக்கவில்லை.

செலினா பனியில் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். அருகே போய் அவள் தோளில் கைவைத்து ஓட்டையைப் பற்றிச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். கூட்டமாக இருந்ததால் சொல்லவில்லை. அவள்மேல் வழக்குப் போட்டபின் நீதிமன்றத்தில் அவளே தெரிந்துகொண்டாள். இனி அவள் அதை மறக்கப்போவதில்லை. அந்த வகையில் பார்த்தால், நான் அவளுக்குக் கற்றுக்கொடுக்காமல் விட்டது எதுவும் இல்லை.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். நானும் இங்கே வந்து உங்கள் நேரத்தை வீணாக்கியிருக்க மாட்டேன். ஆனால் நீதிமன்றத்தில் அவள் என்னைப் பற்றிப் பேசினாள்.

"ஓட்டை எதுக்குன்னு என் மேஸ்திரிகிட்டக் கேட்டேங்க. துருன்னாரு. அவருக்கும் தெரியல பாவம். தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாரு. எதையும் மறைக்கிற மனுஷன் இல்லைங்க அவரு."

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். நகரத்திலிருந்து வந்த எஞ்சினியர் தலையாட்டி, கிராமத்து மேஸ்திரிகளிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்றார். நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார். நான் கட்டிய கணப்பு ஒன்றையாவது திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது நான் கடைக்குள் நுழைந்தால் போகூஷா பரிதாபமாகப் பார்க்கிறாள். போன வாரம் கொல்லன் குடித்துவிட்டு ஒரு சல்லடையைத் தூக்கிக் காட்டினான். "மேஸ்திரி, இதையும் துரு தின்னுடுச்சு போல. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க." சிரித்தார்கள், ஐயா. நான் கட்டிய கணப்பில் குளிர்காய்ந்து வளர்ந்தவர்கள் சிரித்தார்கள். பாதிரியார் புகைபோக்கியைப் பார்க்க நகரத்திலிருந்து ஆள் வரவழைத்திருக்கிறார்.

அதனால்தான் வந்தேன். எனக்குத் தெரியும். என் அக்காள் வீட்டுக்குப் பிறகு ஓட்டையில்லாத தகடு ஒன்றைக்கூட நான் பொருத்தியதில்லை. எந்த வீட்டில் வேண்டுமானாலும் இழுத்துப் பாருங்கள். அவள் கேட்டபோதும் தெரியும், கேக் சாப்பிட்டபோதும் தெரியும். செலினாவை விடுவதா, என்னை வைத்துக்கொள்வதா என்பது உங்கள் பாடு. அந்தக் குடும்பத்தைக் கொன்றவன் என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். தொழில் தெரியாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.